நேரம் தவறினால் ஆழமும் தவறும்

பழவேற்காடு முகத்துவாரத்திலிருந்து நேர் கிழக்கே சுமார் 500 கிலோமீட்டர் போனால், கடலடி வண்டலுக்குள் ஒரு மலைத்தொடர் புதைந்து கிடக்கிறது. அதை 85 பாகை கிழக்கு மலைத்தொடர் என்பார்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அதை மூடிவிட்டது. இன்னும் கிழக்கே 90 பாகை மலைத்தொடர். 1972-இல் 'குளோமர் சேலஞ்சர்' கப்பல் அதன்மேல் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி கிடைத்தது. மரஞ்செடி வளர்ந்த எரிமலைத் தீவுகள் அங்கே இருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எங்கள் குப்பத்துப் பெரியவர்கள் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி, இத்தனை பாகம் ஆழம், அடியில் சேறா மணலா என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தரைக்கும் கீழே போக எனக்கு ஒலிதான் கயிறு. கப்பல் இழுத்துப்போகும் காற்றுத் துப்பாக்கி அழுத்தக் காற்றை வெடித்து விடும். கடலடியில் இறக்கிவைத்த நில அதிர்வுமானி அந்த அதிர்வைப் பதியும். தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1.5 கி.மீ.; மேலோட்டின் அடிப்பகுதியில் ஏறக்குறைய 7; அதற்கும் கீழே கவசத்தில் 8. அதனால் தூரம் கூடக் கூட, ஆழத்தில் போய்த் திரும்பும் அலை மேலாக வரும் அலையை முந்திவிடுகிறது. எங்கே முந்துகிறது என்பதிலிருந்து மேலோட்டின் தடிமன் கிடைக்கும். சாதாரணக் கடல் மேலோடு 6, 7 கி.மீ.தான், எரிமலைத் தீவுகளுக்கு அடியில் அதைவிட மிகவும் தடித்திருக்கும். அடியில் 7.5 வேகம் தென்பட்டால், வெளியே கொட்டாமல் அங்கேயே தங்கி இறுகிய எரிகுழம்பாக இருக்கலாம்.

வேலை முடிந்ததும் ஒலிக் கட்டளை அனுப்புவோம். கருவி தன் பாரத்தைக் கழற்றிவிட்டு மிதந்து வரும். 3,000 மீட்டர் ஆழமென்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேல்தளத்தில் எல்லார் கண்ணும் கருவியின் கொடியைத் தேடும். தூக்கிவைத்ததும் முதல் வேலையாக, உள்ளே ஓடும் கடிகாரத்தை ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வேன். ஆழத்துக்கு ஜி.பி.எஸ். எட்டாது, கடிகாரம் கொஞ்சங்கொஞ்சமாக விலகும். நொடியில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும், 7 கி.மீ. வேகத்தில் போகும் அலைக்கு அது 700 மீட்டர்.

பிறகு திரை முன் உட்கார்ந்து, கருவி பதிந்த ஒவ்வொரு அலைத்தடத்திலும் முதல் அலை எழும் புள்ளியைக் குறிக்க வேண்டும். இரைச்சலில் அது மங்கும்போது, பக்கத்துத் தடத்தைப் பார்த்து உத்தேசமாகக் குறித்துவிட ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால், நாம் நினைத்த மலையே படத்தில் எழுந்து நிற்கும். 85 பாகை மலைத்தொடர் எப்படி உருவானது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் கனம் அதிகம்.

இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: சந்தேகமான புள்ளியை விட்டுவிடுங்கள். புள்ளி குறைந்தாலும் படம் உண்மையாக இருக்க வேண்டும்.