பொன்னேரிக் கரையில் சோழகங்கத்தைத் தேடி

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பார்கள். சிவன் தன் கையாலேயே சண்டேசர் தலையில் மாலை சுற்றும் சிற்பத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். சிங்கமுகக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். பிறகு கும்பகோணத்துக்கோ சிதம்பரத்துக்கோ வண்டி கிளம்பிவிடும். ராஜேந்திர சோழன் தன் கங்கை வெற்றிக்கு அடையாளமாக வெட்டிய ஏரியை அவர்களில் அநேகம் பேர் பார்ப்பதே இல்லை. கோயிலைத் தாண்டி ஜெயங்கொண்டம் போகும் பக்கத்தில், கூப்பிடு தூரத்தில்தான் அது கிடக்கிறது. அன்றைக்குச் சோழகங்கம் என்ற பெயர்; இன்றைக்குப் பொன்னேரி.

அந்த ஏரி எப்படி உண்டானது, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, வந்த தண்ணீர் ஏன் நின்றது என்ற கேள்விகளோடு பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். முதலில் ஏரிக்கரையில்தான் ஏறினேன். கரை என்று யாராவது சொன்னால்தான் அது கரை. செம்மண் மேடு ஒன்று சீமைக்கருவேலம் அப்பி, தெற்கு வடக்காக நீண்டுகொண்டே போகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, ஏரி எதுவரைக்கும் இருந்துச்சு?" என்று கேட்டேன். கையில் இருந்த கோலை நீட்டி, "அந்தா தெரியுது பாருங்க தம்பி, அந்தக் காடு, அதுக்கு அங்குட்டு வயலு, எல்லாம் ஏரிதான். எங்க தாத்தா காலத்துலயே இப்படித்தான் கிடந்துச்சாம். பட எடுத்து வந்தவன் கரைய வெட்டி விட்டுட்டான்னு சொல்லுவாங்க" என்றார். மழைக்காலத்தில் ஒரு பகுதியில் தண்ணீர் நிற்கும், சில ஊர் வயலுக்குப் பாயும், அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

ஏரியின் பிறப்புக்குச் சான்று ஏரிக்கரையில் இல்லை. அது திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. 31 ஏடுகள், அவற்றைக் கோத்த ஒரு வளையம், புலியும் இரட்டைக் கயலும் வில்லும் பொறித்த முத்திரை. 1905இல் கண்டெடுக்கப்பட்ட இந்தச் செப்பேடு இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் சொத்து. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சான அதன் பாடத்தைத்தான் நான் உட்கார்ந்து படித்தேன். திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரைக் கொடுத்த தானத்தைப் பதிவு செய்வது அதன் வேலை. ஆனால் தானப் பகுதிக்கு முன்னால் நாராயண கவி என்பவர் சோழ வம்சத்தின் கதையையே சமஸ்கிருதத்தில் பாடி வைத்திருக்கிறார். அதில் ராஜேந்திரனின் படைத்தலைவன் வடக்கே போய் மன்னர்களை வென்று கங்கை நீரைக் கொண்டுவருகிறான். கோதாவரிக் கரையில் காத்திருந்த அரசன் அதை ஏற்றுக்கொள்கிறான். பிறகு தன் நாட்டில் நீராலேயே ஒரு வெற்றித்தூணை நாட்டுகிறான். அந்தத் தூணுக்குச் சோழகங்கம் என்று பெயர்.

படித்துக்கொண்டே வரும்போது ஓர் இடத்தில் நின்றேன். செப்பேட்டின் தமிழ்ப் பகுதி ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கங்கைப் படையெடுப்போ 1022, 1023 வாக்கில், அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்தது. ஆக, பாட்டுப் பகுதி பின்னால் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் கொள்கிற முடிவு. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. தானம் முடிந்த பிறகும், கங்கை வெற்றியையும் ஏரியையும் விட்டுவிட்டு வம்சக் கதையை முடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. எந்தக் கோயிலுக்கும் குறையாத பெருமையாக அந்த ஏரியை நினைத்திருக்கிறார்கள்.

சரி, அந்த நீர்த்தூணுக்குத் தண்ணீர்? இதற்கு விடை 1855இல் வெளியான தென்னிந்திய கெஜட்டியர் ஒன்றில் கிடைத்தது. எழுதியவர் ஏரியைப் பாழடைந்த நிலையில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் தெற்கு வடக்காக 16 மைல் நீளத்துக்குக் கரை இருந்ததையும், அதில் உறுதியான மதகுகள் இருந்ததையும் குறிக்கிறார். தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட வாய்க்கால் ஒன்று. வடக்கே வெள்ளாற்றிலிருந்து சிறிய வாய்க்கால் இன்னொன்று. இரண்டின் தடயமும் அப்போது தெரிந்திருக்கிறது. படையெடுத்து வந்தவர்கள் ஏரியை அழித்தார்கள் என்று ஊர்க்காரர்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறார். ஆட்டுக்காரப் பெரியவர் என்னிடம் சொன்னதும் அதே கதைதான்.

கொள்ளிடம் கோயிலுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் ஓடுகிறது. அப்புறம் எதற்கு 60 மைல் வாய்க்கால்? கொள்ளிடத்தின் மேல் இருக்கும் அணைக்கரைக்குப் போய் ஆற்றைப் பார்த்தால் விளங்கிவிடும். ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. ஏரி மேட்டில் இருக்கிறது. பம்பு இல்லாத காலத்தில் ஆற்று நீரை மேட்டுக்குக் கொண்டுவர ஒரே வழி, ஆற்றின் மேல்பக்கத்தில், ஏரியைவிட உயரமான இடத்தில் வாய்க்காலைப் பிரிப்பது. ஆற்றைவிட மெல்லச் சரிகிற மாதிரி அதை நடத்திக்கொண்டே வந்தால், ஆறு கீழே இறங்க இறங்க வாய்க்கால் மேலேயே தங்கி ஏரிக்குள் விழும். மைலுக்கு மைல் மட்டம் பார்த்து வெட்டியவர்கள் யாரோ, அவர்களின் பெயர் எந்தச் செப்பேட்டிலும் இல்லை. படைத்தலைவனைப் புகழ்ந்த கவி அவர்களில் ஒருவரைப் பற்றியாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஊரைப் பற்றி அறிய கங்கைகொண்ட சோழபுரத்து அருங்காட்சியகத்துக்குப் போனேன். கோயிலுக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவர் கூட அங்கே நுழைவதாகத் தெரியவில்லை. 1980களில் மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டி எடுத்த அரண்மனையின் மிச்சங்கள் இருக்கின்றன. கூரை ஓடுகள், அவற்றை அறைந்த இரும்பு ஆணிகள், வளையல் துண்டுகள், சீனப் பாண்டங்களின் உடைசல்கள். ஓர் உடைசலின் முன் நெடுநேரம் நின்றேன். உள்ளங்கையில் அடங்குகிற துண்டு. பாசி படிந்த குளத்து நீரின் பச்சையில் மெருகு. உடைந்த விளிம்பில் மட்டும் உள்ளேயிருக்கும் சாம்பல் நிற மண் தெரிகிறது. மெருகுக்குள் மயிரிழை மாதிரி வெடிப்புகள். கடல் கடந்து வந்து அரண்மனையில் புழங்கிய பாத்திரம். இப்படிப்பட்ட அரண்மனை இருந்த தலைநகரம், காவிரிப் படுகையை விட்டு விலகி, கொள்ளிடத்துக்கு வடக்கே வறண்ட செம்மண் மேட்டில் எழுந்திருக்கிறது. ஏரி இல்லாமல் அந்த ஊருக்கு ஒரு நாளும் ஓடியிருக்காது. சோழகங்கத்தை வெற்றிச் சின்னம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. அதுதான் தலைநகரத்தின் உயிர்நாடி.

சுமார் 250 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊர், 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியதும் சரிந்தது. மாளிகை செங்கல் மேடானது. உட்கோட்டை, ஆயுதக்களம், கடாரங்கொண்டான் என்று சிற்றூர்களின் பெயர்கள் மட்டும் நின்றன. கரை உடைந்தது ஒரு நாளில் நடந்திருக்கலாம். ஆனால் 60 மைல் வாய்க்காலைத் தூர்வார ஓர் அரசு வேண்டும். அது போன பிறகு, யாரும் வெட்டிவிடாமலே ஏரி வற்றியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதே கெஜட்டியரில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 1836இல் ஆர்தர் காட்டன் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கருங்கல்லுக்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பிரித்திருக்கிறார்கள். சுற்று மதில் ஏறக்குறைய முழுவதும் போயிருக்கிறது. ஊர்க்காரர்கள் எதிர்த்திருக்கிறார்கள், தண்டனைதான் கிடைத்திருக்கிறது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை. இன்று வெளியே நின்று பார்க்கும்போது, தலையில்லாத கோபுர வாசலும் ஒரு பகுதி மட்டும் எஞ்சிய சுற்று மாளிகையும் அந்த இழப்பைக் காட்டுகின்றன.

அந்தக் கீழணை இருக்கும் அணைக்கரை, கும்பகோணம்-சென்னைச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரிந்த இடம். தண்ணீர் திறந்துவிட்டால் குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்க வருவார்கள், மீன் வாங்கிப் போவார்கள். இப்போது நாம் பார்க்கும் ஷட்டர்களும் பாலமும் பின்னால் வந்தவை. கோயில் கல் எது என்று யாராலும் கைகாட்ட முடியாது. ஆனால் அங்கிருந்து வடக்கே பிரியும் வடவாறு எங்கே போகிறது என்று பாருங்கள்: வீராணம் ஏரிக்கு. ராஜேந்திரனின் தந்தை ராஜராஜனின் கொள்ளுத்தாத்தா முதல் பராந்தகன் காலத்து ஏரி அது. கல்கி பொன்னியின் செல்வனை வந்தியத்தேவனோடு தொடங்கியது அதன் கரையில்தான். 47.5 அடி நிறைந்தால் 1,465 மில்லியன் கன அடி பிடிக்கும். 2004 முதல் சென்னைக்கும் குழாய் வழியாகக் குடிநீர் போகிறது. ராஜேந்திரன் கோயிலின் கல் தேக்கித் தரும் தண்ணீரில் ஆயிரம் ஆண்டைத் தாண்டிய அவன் முன்னோரின் ஏரி இன்றும் உயிரோடு இருக்க, அவன் வெட்டிய ஏரி மழையை நம்பிக் கிடக்கிறது. வீராணத்துக்கு வரத்து வாய்க்கால் தொடர்ந்து இருந்தது. சோழகங்கத்துக்கு அது அறுந்து போனது. எனக்குத் தெரிந்து வேறு வித்தியாசம் இல்லை.

அந்த வாய்க்கால் கொள்ளிடத்தில் எந்த இடத்தில் பிரிந்து, எந்த ஊர்கள் வழியாக வந்தது என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். தரையில் தூர்ந்துபோன வாய்க்கால், வருவாய்த் துறைக் கணக்கில் வாய்க்கால் புறம்போக்கு என்ற பெயரில் உயிரோடு இருப்பது உண்டு. கொள்ளிடத்தின் வடகரை ஊர்களின் அ பதிவேட்டையும் பழைய கிராம வரைபடங்களையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தால், அகலமான புறம்போக்குத் துண்டுகள் ஒரே திசையில் வரிசை கட்டுகின்றனவா என்பது தெரிந்துவிடும். மனைப்பிரிவுக் கற்கள் நடப்படுவதற்கு முன்னால் இந்த வேலை முடிய வேண்டும். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாரிடமாவது பாட்டன் காலத்துப் பத்திரம் இருந்து, நான்கெல்லையில் ஏதாவது பழைய வாய்க்கால் சொல்லப்பட்டிருந்தால், தயவுசெய்து எடுத்து வையுங்கள். நான் வந்து பார்க்கிறேன்.