பழையூர் ஸ்டேஷனில் ரயில் நிற்பதில்லை

லண்டன் ஆல்ட்விச் சுரங்க ரயில் நிலையத்தை 1994-ல் மூடிவிட்டார்கள். இரண்டு உலகப் போர்களில் நகரத்துக்கு உதவிய இடம், லிஃப்ட் பழுதில் மாண்டது.

லண்டனில் இந்திய ஹை கமிஷன் இயங்கும் 'இந்தியா ஹவுஸ்' கட்டடத்தைத் தெரியாத இந்தியர் அங்கே குறைவு. 1930-ல் திறக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றதும் முதல் ஹை கமிஷனராக வி.கே. கிருஷ்ண மேனன் உட்கார்ந்த இடம். அதற்குப் பக்கத்திலேயே 'புஷ் ஹவுஸ்'. சிற்றலையில் 'தமிழோசை'க்குக் காது கொடுத்துப் பழகிய வாசகர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே நினைவிருக்கும். 2012 வரை பி.பி.சி. உலக சேவையின் வீடு அதுதான்.

இவ்விரண்டு கட்டடங்களிலிருந்தும் சில நிமிட நடையில், ஸ்ட்ராண்ட் சாலையில், கருஞ்சிவப்பு ஓடு பதித்த ஒரு சிறிய முகப்பு தெரிகிறது. 'ஸ்ட்ராண்ட் ஸ்டேஷன்' என்று பெரிய எழுத்துகள். சர்ரே தெருவில் இன்னொரு வாசல். நம்பி உள்ளே நுழையப் பார்க்காதீர்கள். இங்கே ரயிலும் இல்லை, அந்தப் பெயரும் இல்லை. 1915-லேயே நிலையத்தின் பெயரை 'ஆல்ட்விச்' என்று மாற்றிவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சுவையான விஷயம் இது. ஸ்ட்ராண்ட் என்றால் கரை. தேம்ஸ் நதியின் கரை. ஆல்ட்விச் என்பது பழைய ஆங்கிலத்தில் 'பழைய குடியிருப்பு'. நம்மூர் வழக்கில் சொன்னால் பழையூர்.

பிறக்கும்போதே இந்த நிலையத்துக்கு ஒரு குறை இருந்தது. வட லண்டனிலிருந்து ஸ்ட்ராண்ட் வரை ஒரு கம்பெனி சுரங்கப் பாதை போட நினைத்தது. மேற்கே பிக்கடிலி பக்கம் இன்னொரு கம்பெனி வேறொரு பாதைக்குத் திட்டமிட்டது. இரண்டும் ஒன்றாக இணைந்தபோது பிரதான ரயில் ஹோல்பர்னில் மேற்கே திரும்பிவிட்டது. ஸ்ட்ராண்டுக்கு மிஞ்சியது அரை மைல் நீளக் கிளைப் பாதை. ஹோல்பர்னில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ஸ்ட்ராண்ட். அதோடு பாதை முடிந்தது. நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்கு யார் மாறி ஏறுவார்கள்?

நிலையத்துக்கு இடம் கொடுத்தது ராயல் ஸ்ட்ராண்ட் தியேட்டர். அதை இடித்துத்தான் கட்டினார்கள். வடிவமைத்தவர் லெஸ்லி கிரீன். லண்டனில் இன்றும் கண்ணில் படும் கருஞ்சிவப்பு ஓட்டு ரயில் நிலையங்களில் பல அவர் கைவண்ணம். 1907 நவம்பர் 30 அன்று ஆல்ட்விச் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கிரீன் இறந்தார், வயது 33.

கூட்டம் வரவில்லை. நாடகம் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்காக விட்ட இரவு நேரத் தனி ரயில் 1908-லேயே நின்றது. 1914-ல் இரண்டு பிளாட்பாரங்களில் ஒன்றை மூடினார்கள். 1922-ல் டிக்கெட் கவுண்டரையும் மூடிவிட்டு லிஃப்டிலேயே டிக்கெட் விற்றார்கள். தோண்டிய சில லிஃப்ட் குழிகளில் லிஃப்ட் மாட்டவே இல்லை. ஒரு நடைவழி ஓடு பதிக்காமல் அரைகுறையாக இன்றும் நிற்கிறது.

பயணிகளுக்குத் தேவைப்படாத நிலையம் நகரத்துக்கு வேறு விதத்தில் தேவைப்பட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது, 1917-ல், நேஷனல் கேலரியின் சுமார் 300 ஓவியங்கள் மூடிய பிளாட்பாரத்தில் தஞ்சம் புகுந்தன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பொக்கிஷங்கள் சுரங்கத்துக்குள் வந்தன. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த எல்ஜின் சிற்பங்களும் அவற்றில் அடக்கம். கிரேக்கர்கள் இன்றும் திருப்பிக் கேட்கும் அதே கற்கள்!

கற்களோடு மனிதர்களும் வந்தார்கள். 1940 செப்டம்பரில் ஜெர்மனி இரவுதோறும் லண்டனைத் தாக்கத் தொடங்கியது. சுரங்க நிலையங்களைத் தங்குமிடமாக்க அரசு முதலில் விரும்பவில்லை. மக்கள் கேட்கவில்லை. குறைந்த கட்டண டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். மேலே வர மறுத்தார்கள். அரசு இறங்கி வந்தது. செப்டம்பர் 22-ல் ஆல்ட்விச் ரயிலை நிறுத்தி, சுரங்கத்தின் ஒரு பகுதியை மக்களுக்குக் கொடுத்தார்கள். தண்டவாளம் இருந்த இடத்தில் குடும்பங்கள் படுத்துறங்கின. ஆழம் எல்லா இடத்திலும் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே அக்டோபரில் பாலம் நிலையத்தின் மேல் குண்டு விழுந்து, கீழே ஒதுங்கியிருந்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

1946 ஜூலையில் ரயில் திரும்ப ஓடியது. பழைய நோயும் திரும்பியது. 1958 முதல் காலை, மாலை அலுவலக நேரத்தில் மட்டுமே ரயில். 1962-ல் சனிக்கிழமை சேவையும் போயிற்று. நதியைக் கடந்து வாட்டர்லூவரை பாதையை நீட்டினால் பிழைக்கும் என்று பலமுறை பேசினார்கள். 1965-ல் நாடாளுமன்ற அனுமதிகூடக் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை.

முடிவை எழுதியது லிஃப்ட். 1907-ல் மாட்டிய அதே லிஃப்டுகள் 1990-களிலும் ஓடிக்கொண்டிருந்தன. மாற்ற 30 லட்சம் பவுண்ட் ஆகும் என்று கணக்கு வந்தது. அப்போது தினசரிப் பயணிகள் 450 பேர். ஆண்டு நஷ்டம் ஒன்றரை லட்சம் பவுண்ட். 1994 செப்டம்பர் 30 வெள்ளிக்கிழமையோடு ஆல்ட்விச் மூடப்பட்டது.

அந்தக் கணக்கில் தவறு சொல்ல முடியாது. 450 பேருக்காக 30 லட்சத்தைக் கொட்ட எந்த நிர்வாகமும் யோசிக்கும். ஆனால் 450 பேர்தான் வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்தப் பேட்டை அல்ல. சுற்றிலும் கல்லூரி, நீதிமன்றம், நாடக அரங்குகள், அலுவலகங்கள். ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. பாதையை அரை மைலில் நிறுத்தியதும், போய்வரும் நேரத்தைக் குறுக்கிக்கொண்டே வந்ததும்தான் கூட்டத்தை விரட்டின. கூட்டம் இல்லை என்று ரயிலைக் குறைத்தார்கள். ரயில் குறைந்ததால் கூட்டம் இன்னும் குறைந்தது. கொல்கத்தா 1984-ல் தொடங்கிவைத்த மெட்ரோ ரயில் ஊருக்கு ஊர் பரவிவரும் நம் நாட்டில், திட்டம் தீட்டுகிறவர்கள் ஒருமுறை இந்தக் கதையைப் படிப்பது நல்லது.

மூடிய பிறகு ஆல்ட்விச்சுக்கு வேறு பிழைப்பு கிடைத்தது. பழைய பிளாட்பாரமும் பழைய ரயிலும் அப்படியே இருப்பதால் சினிமாக்காரர்கள் தேடி வருகிறார்கள். 2007-ல் வெளிவந்த 'அடோன்மென்ட்' படத்தில் பாலம் நிலைய விபத்தாகக் காட்டப்பட்டது இந்த இடம்தான். சர்ச்சில் பற்றிய 'டார்க்கஸ்ட் அவர்' படத்துக்கும் இங்கே படப்பிடிப்பு நடந்தது. போர்க்காலத்தில் நிஜமாக நடந்ததை இப்போது வாடகைக்கு நடித்துக் காட்டுகிறார்கள். 2011-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

உள்ளே பார்க்க விரும்பினால் வழி உண்டு. லண்டன் டிரான்ஸ்போர்ட் மியூசியம் அவ்வப்போது வழிகாட்டியோடு சுற்றிக்காட்டுகிறது. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளவும். சுழல் படிக்கட்டில் இறங்கி, அதே வழியாக ஏறி வர வேண்டும். லிஃப்டுகள் அங்கேயேதான் இருக்கின்றன, ஓடுவதில்லை.