பாசிக்கு ஒரு புகலிடம்

புனேவுக்கு வடமேற்கே, கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது தளேகாவ். 1908-இல் பைசா நிதியம் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கிய ஊர் அது. அங்கே ஒரு வாடகை வீட்டின் மூலையில், 200 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்குள், ஆய்வு மாணவி ஒருத்தி சிறிது கடலை வளர்த்துவந்தாள். பாம்பன் அவளுடைய ஊர். ஆர்.ஓ. நீரில் உப்பைக் கரைத்து, ஒப்படர்த்தியை 1.025-க்குக் கொண்டுவருவது அவளது ஞாயிற்றுக்கிழமை வேலை.

பெரிய தொட்டிக்குக் கீழே, அதே நீர் சுற்றிவரும் சிறு தொட்டி ஒன்றும் இருந்தது. கடல்மீன் வளர்ப்போர் அதை ரெஃபியூஜியம், அதாவது புகலிடம், என்பார்கள். மீன்கள் அங்கே வர முடியாது. ஆகவே கோப்பிபாடு போன்ற நுண்ணுயிர்கள் அச்சமின்றிப் பெருகி, ஓட்டத்தோடு மேலே சென்று மீன்களுக்கு இரையாகும். கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அங்கு வளரும் பெரும்பாசி உறிஞ்சிக்கொள்ளும். மேலே பாறைகளில் படரும் மயிர்ப்பாசிக்கு உணவு குறையும். மேல்விளக்கு அணையும் இரவில் கீழ்விளக்கை எரியவிட்டால், நீரின் பி.எச். அளவும் அதிகம் சரியாது.

முதல் தொல்லை ஐப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தியாக வந்தது. ஏதோ ஒரு கல்லோடு வந்து, கொறிப்பார் இல்லாத புகலிடத்தில் வேரூன்றியது. புகலிடம் ஆள் பார்த்துக் கதவைத் திறப்பதில்லை. அவள் அதைக் கத்தியால் சுரண்டினாள். உதிர்ந்த துணுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு சாமந்தியாயின. செம்பு மருந்தை ஊற்றினால் சாமந்தியோடு இறாலும் நத்தையும் கோப்பிபாடுகளும் மாண்டுபோகும். இறுதியில் அந்தக் கற்களை மேல்தொட்டிக்கு மாற்றினாள். அங்கிருந்த பெப்பர்மின்ட் இறால்கள் சில வாரங்களில் அவற்றைத் தின்று தீர்த்தன.

இரண்டாவது தொல்லை அவளே நட்டு வளர்த்த பாசியால் வந்தது. நண்பர் ஒருவர் தந்த காலெர்ப்பா செழித்து வளர்ந்தது. நைட்ரேட் அளவும் இறங்கியது. ஆய்வேட்டின் இறுதி அத்தியாயம் நெருங்கவே, இரண்டு மாதங்கள் அவள் அதைத் தொடவில்லை. ஒரு காலையில் நீர் பச்சைப் பாலாகக் கலங்கியிருந்தது. பாசி நிறம் வெளிறிக் கண்ணாடித்தாள்போல் கிடந்தது. பல உட்கருக்கள் கொண்ட ஒற்றைச் செல்லே காலெர்ப்பாவின் முழு உடல். இனப்பெருக்கத்தின்போது உள்ளிருப்பதை எல்லாம் நீரில் கொட்டிவிட்டு அது மடியும். இரண்டு மாதங்களாக உறிஞ்சியது ஓரிரவில் திரும்பிவந்தது. மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்தன, ஒன்று பிழைக்கவில்லை.

அன்று அவள் கற்றது எளியது. பாசி உறிஞ்சிய கழிவு தொட்டியை விட்டுப் போய்விடவில்லை, பாசிக்குள் இருப்பில் இருக்கிறது. பாசியைக் கையால் வெளியே எடுக்கும்போதுதான் அது உண்மையில் வெளியேறுகிறது. புகலிடத்தைக் காப்பது விளக்கோ பம்போ அல்ல, தவறாத அறுவடையே.

எஞ்சிய உயிருள்ள கொடிகளை என்ன செய்வது? விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். கடலில் பிறந்தது கடலுக்கே போகட்டும் என்பது அவள் எண்ணம். தொலைபேசியில் அதைக் கேட்ட அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பெப்சிப் பாசிய மறந்துட்டியா தாயி? உன் பாசியக் கொண்டாந்து நம்ம கடல்ல விட்றாத" என்றார்.

அம்மா மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர். காப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியைத்தான் அவ்வூர்ப் பெண்கள் பெப்சிப் பாசி என்கிறார்கள். மண்டபம் கரையோரத்தில் வளர்க்கப்பட்ட அது பல மகளிர் குழுக்களுக்கு வருமானம் தந்தது. ஆனால் 2008-இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் அது படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். உடைந்த துண்டிலிருந்தே முளைக்கும் பாசி அது.

காலெர்ப்பாவின் வரலாறும் அதுவே. 1984-இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அடியில் ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்ட காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா, பின்னர் மத்தியதரைக் கடலில் பல நாடுகளின் கரையோரங்களுக்குப் பரவியது. 2000-இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் அது தென்பட்டபோது, தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தினார்கள். அதை முற்றாக ஒழித்ததாக அறிவிக்க 2006 வரை ஆயிற்று.

அம்மாவுக்கு இந்த ஆண்டுகள் தெரியாது. அறுவடையின் ஒழுங்கு தெரியும். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் கடலில் இறங்காமல் இருப்பது என்று அப்பகுதிப் பெண்கள் தங்களுக்குள் வரையறை வகுத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. எடுக்காமல் விட்டதால் தளேகாவின் தொட்டி கெட்டது. அளவின்றி எடுத்தால் பாம்பன் கடல் கெடும்.

இப்போது அவளது புகலிடத்தில் கீட்டோமார்ஃபா இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் நார்போல் சுருண்டு மிதக்கும். எதையும் பற்றிப் படராது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அதில் ஒரு பிடி எடுக்கிறாள். சாக்கடையில் விடுவதில்லை, இந்திராயணியின் நன்னீரில் கடற்பாசி பிழைக்காது என்று தெரிந்தும் விடுவதில்லை. காலெர்ப்பாவின் கடைசிக் கொடிகளையும் அன்றே மாடியில் பரப்பி வெயிலில் காயவைத்துவிட்டாள்.

பாம்பன் மணலில் அம்மா பாசி உலர்த்துவது விற்பதற்காக. தளேகாவ் மாடியில் மகள் உலர்த்துவது அது இனி எங்கும் முளைக்கக் கூடாது என்பதற்காக.