கேள்!

செவியால் ஒரு நூலை அறிவது படிப்பாகுமா? "ஆகாது, அது சோம்பேறிகளின் சுருக்கு வழி" என்பார் சிலர். "ஆகும், இனி அச்சு நூலே எதற்கு?" என்பார் வேறு சிலர். ஒரே நூலைச் செவியால் கேட்டும் கண்ணால் படித்தும் பார்த்தவன் என்ற முறையில் இந்த வழக்கில் என் சான்றை வைக்கிறேன்.

ஆல்பிரட் லான்சிங் எழுதி 1959-ல் வெளிவந்த 'எண்டியூரன்ஸ்' அந்நூல். கட்டுக்கதையன்று, நடந்த வரலாறு. தென்துருவக் கண்டத்தைக் குறுக்கே கடக்க 1914-ல் புறப்பட்டார் எர்னஸ்ட் ஷேக்கிள்டன். வெடெல் கடலின் பனி கப்பலைப் பற்றியது, பல மாதம் இறுக்கியது, இறுதியில் நொறுக்கியது. 1915 நவம்பர் 21-ல் கப்பல் மூழ்கியது. மிதக்கும் பனிப்பாளத்தின்மேல் நின்றனர் 28 மனிதர். அழைத்தால் வர ஆளில்லை. செய்தி அனுப்ப வழியில்லை. அறிவும் துணிவுமே அவர்களின் கைம்முதல்.

பள்ளிக்குச் செல்லும் பேருந்தில், கைப்பேசி வழியே, ஏறத்தாழப் பத்து மணி நேர ஒலிநூலாக இவ்வரலாற்றைக் கேட்டேன். பின்னர் நூலகத்தில் அச்சு நூலைப் பெற்றுப் படித்தேன்.

செவியின் பெருமையை முதலில் சொல்வேன். கண் பொறுமையற்றது. பத்தியைத் தாண்டும், பக்கத்தைத் தாவும், பிழைத்தார்களா என்றறியக் கடைசி ஏட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டும். செவியோ குரல் நடக்கும் நடைக்கே நடக்கும். 1915 அக்டோபர் இறுதியில் கப்பலைக் கைவிட்டவர்கள் 1916 ஏப்ரலில்தான் படகுகளைக் கடலில் இறக்கினர். ஐந்து மாதத்துக்கும் மேற்பட்ட அந்தக் காத்திருப்பின் கனத்தை எனக்கு உணர்த்தியது குரல்தான்.

அம்மனிதர்க்கும் செவி துணை நின்றது. எலிபண்ட் தீவில், கவிழ்த்துப் போட்ட இரு படகுகளின் அடியில் 22 பேர் மீட்புக்குக் காத்துக் கிடந்தனர். சீல் இறைச்சியும் பென்குயின் இறைச்சியுமே உணவு. அவர்களில் ஒருவரிடம் மலிவு விலைச் சமையல் நூல் ஒன்று இருந்தது. இரவில் ஒரு பண்டத்தின் செய்முறையை அவர் உரக்கப் படிப்பார்; மற்றவர் கேட்டுப் பசியாறுவர். ஒரே ஓர் ஏடு, அத்தனை பேருக்கும் விருந்து! கேட்டலை இழிவென்று எவர் சொல்வார்?

என் மாணவன் ஒருவன், மாலை முழுதும் தந்தையின் தையற்கடையில் பித்தான் தைக்கிறான். கையும் கண்ணும் வேலைக்கு அடகு. செவி ஒன்றே அவனுக்குச் சொந்தம். "கேட்பது படிப்பன்று" என்று அவனிடம் சொல்ல எனக்கு நா எழாது.

ஆயினும், அச்சு எனக்கு ஈந்த ஒன்றைக் குரல் ஈயவில்லை.

எலிபண்ட் தீவிலிருந்து உதவி தேடி, ஏறத்தாழ 22 அடி நீளப் படகில் ஷேக்கிள்டனும் ஐவரும் கிளம்பினர். 800 கடல் மைல் தொலைவிலுள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவே இலக்கு. குரல் இதைச் சொன்னபோது மெய்சிலிர்த்தேன். ஏட்டில் படித்தபோதோ, பக்கத்தை நிறுத்தி நிலப்பட நூலை அருகே விரித்தேன். பார்த்தால், பாக்லாந்து தீவுகள் ஏறத்தாழ 550 கடல் மைலில் இருக்கின்றன! அருகிருப்பதை விட்டு அகன்றதை ஏன் நாடினர்? விடை அடுத்தடுத்த வரிகளில் கிடைத்தது. அக்கடலில் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. பாக்லாந்து செல்வதென்றால் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்; தெற்கு ஜார்ஜியாவுக்கோ காற்றே தள்ளிச் செல்லும். ஏப்ரல் 24-ல் புறப்பட்டவர்கள் மே 10-ல் கரையேறினர். ஆகஸ்டு 30-ல் மற்ற 22 பேரும் மீட்கப்பட்டனர். 28 உயிரில் ஒன்றும் போகவில்லை.

குரலும் இக்காரணத்தைச் சொல்லத்தான் சொன்னது. ஆனால், வினா எழுமுன்னே விடை வந்து போனால் அது அறிவாவதில்லை, செய்தியாகவே நின்றுவிடுகிறது. "ஒலியையும் நிறுத்தலாமே?" எனலாம். நிறுத்தலாம், நிறுத்துவோர் எத்தனை பேர்?

ஒன்பதாம் வகுப்பில் இதைச் சோதித்தேன். படகு புறப்படும் கணம் வரை கதையைச் சொன்னேன். வியந்து கேட்டனர், வினா ஒன்றும் எழவில்லை. மறுநாள் வரைபடம் தந்து, "நீங்கள் தலைவரானால் எத்திசை செல்வீர்கள்?" என்றேன். விரல்களெல்லாம் பாக்லாந்தை நோக்கி ஓடின. கடைசி இருக்கையில் ஒரு சிறுமி மட்டும் எழுந்தாள். "ஐயா, காற்று எந்தப் பக்கம் வீசும்?" என்றாள். அந்த வினாவைப் பெற்றெடுத்தது என் குரலன்று. அவள் கையிலிருந்த தாள்!

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரு பொருள். செவிகொடு என்பது ஒன்று. வினா எழுப்பு என்பது மற்றொன்று. வள்ளுவர் கல்லாமைக்கு அடுத்துக் கேள்வியை வைத்தார். கேள்விக்கு அடுத்து அறிவுடைமையை வைத்தார். கேள்வி, கல்லாமையைக் கடக்கும் பாலம். பாலத்திலேயே குடியிருப்பார் உண்டோ?

தோழர்களே! "சொல்வதைக் கேள், கேள்வி கேட்காதே" என்று அடக்கப்பட்ட பல தலைமுறைகளின் பிள்ளைகள் நாம். முதற்பொருளோடு நின்றுவிட்டால், குரல் புதிதானாலும் கட்டளை பழையதே. கை வேலையில் இருக்கையில் கேளுங்கள். கை ஓய்ந்ததும் ஏட்டை எடுங்கள். வரியை நிறுத்துங்கள், வரைபடத்தை விரியுங்கள், ஏன் என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேட்டலே நம்மைக் கரை சேர்க்கும்.