கியர் வண்டியா, ஹைட்ரோ வண்டியா

பழைய அமெரிக்கத் தோட்ட டிராக்டர்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் வாங்க வருகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, கியர் வண்டி எடுக்கலாமா, ஹைட்ரோ எடுக்கலாமா என்பதுதான். இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய அறுபது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கென்டக்கியின் லூயிவில் நகரில் தயாரித்த முதல் கப் கேடட், 1961 மாடலாக 7 குதிரைத்திறன் கோலர் எஞ்சினோடு வந்தது. அதன் கியர்பெட்டி, அதே நிறுவனத்தின் ஃபார்மால் கப் என்ற வயல் டிராக்டரை ஒட்டிச் செய்யப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்து ஹோரிக்கனில் 1963-ல் ஜான் டியர் 110 பிறந்தது. இந்தியானாவின் சவுத் பெண்டில் வீல் ஹார்ஸ் ஏற்கெனவே பேர் வாங்கியிருந்தது. எல்லாமே வார்ப்பிரும்பும் கனத்த தகடுமாகக் கட்டிய வண்டிகள். புல் வெட்டும், பனி தள்ளும், ஒற்றைக் கலப்பையும் இழுக்கும்.

1960-களின் நடுவில் இந்த வண்டிகளுக்குள் ‘ஹைட்ரோ’ என்று சுருக்கிச் சொல்லப்படும் ஹைட்ரோஸ்டாட்டிக் முறை நுழைந்தது. வீல் ஹார்ஸ் 875-ம் கப் கேடட் 123-ம் அப்போது வந்தவை. ஜான் டியர் 140 1968-ல் சேர்ந்துகொண்டது. ஒப்பிட்டுப் பார்க்க வசதியான ஜோடி கப் கேடட் 122, 123. இரண்டிலும் அதே 12 குதிரைத்திறன் எஞ்சின். எஞ்சினின் சுழற்சி பின்சக்கரத்துக்குப் போகும் வழிதான் வேறு. 122-ல் கிளட்சும் பல்சக்கரங்களும், 123-ல் எண்ணெய்.

122 போன்ற கியர் வண்டியின் அமைப்பைச் சொல்லி முடிக்க நேரம் ஆகாது. எஞ்சினிலிருந்து பின்னுக்கு ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது, இடையில் கிளட்ச், பின்னால் மூன்று முன்கியரும் ஒரு ரிவர்ஸும். கியரை மாற்ற வண்டியை நிறுத்தியாக வேண்டும். இதிலுள்ள உண்மையான இடைஞ்சல் வேறொன்று. புல்வெட்டியும் பனி ஊதியும் எஞ்சின் வேகத்தில் சுற்றுபவை. வண்டியை மெதுவாக்க ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் கத்தியும் மெதுவாகிவிடும், புல் அறுபடாமல் படுத்துக்கொள்ளும். எனவே ஒரு கியரைப் போட்டு, எஞ்சினை முழு வேகத்தில் விட்டு, அந்த வேகத்துக்கே எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். மண் கிளறும் கருவிக்கு முதல் கியரே வேகம் அதிகம் என்பதால், வேகத்தை இன்னும் குறைக்கும் ‘க்ரீப்பர்’ என்ற துணைக் கியரைத் தனியாக விற்றார்கள்.

ஹைட்ரோவில் எஞ்சின் ஒரு பிஸ்டன் பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப்புக்குள் சாய்வு மாறக்கூடிய ஒரு தட்டு இருக்கிறது. தட்டு நேராக நின்றால் பிஸ்டன்கள் எண்ணெய் தள்ளாது, வண்டி நிற்கும். ஒரு பக்கம் சாய்த்தால் முன்னே, மறுபக்கம் சாய்த்தால் பின்னே. சாய்வு கூடக் கூட வேகம் கூடும். தள்ளப்பட்ட எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்ற, அது பின் அச்சைச் சுற்றுகிறது. நெல் அறுக்கக் காவிரி டெல்டாவுக்கு வரும் பெல்ட் வண்டிகள் பலவற்றில் ஓட்டுநர் ஒரே லீவரில் முன்னும் பின்னும் போவது இந்த ஏற்பாட்டால்தான். எஞ்சின் முழு வேகத்தில் இருக்க, வண்டி மட்டும் நத்தைபோல் ஊர முடிகிறது. பனி ஊதிக்கும் மண் தள்ளும் வாளிக்கும் இதைவிட வேறு எதுவும் தோதுப்படாது.

அந்த வசதிக்கு விலை உண்டு. கியரில் சக்தியின் மிகச் சிறு பங்கே வீணாகிறது. ஹைட்ரோவில் சுமார் கால் பங்கு எண்ணெய்ச் சூடாகப் போய்விடும். 12 குதிரைத்திறன் வண்டியில் அது விளையாட்டில்லை. நாள் முழுக்க உழும்போது அந்த வித்தியாசத்தைச் சால் சொல்லிவிடும். குளிர்காலக் காலையில் இன்னொரு தொல்லை. கிளட்ச் இல்லாததால், ஸ்டார்ட்டர் எஞ்சினோடு சேர்த்துக் கெட்டிப்பட்ட எண்ணெய்க்குள் பம்ப்பையும் சுற்ற வேண்டியிருக்கிறது. பேட்டரி நலிந்திருந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

இந்த இரண்டின் குணமும் பட்டறை மேசையில்தான் தெளிவாகத் தெரியும். கியர் கப் கேடட்டில் வழக்கமாகத் தேய்வது அந்த 5/8 இன்ச் தண்டும் அதில் ‘பின்’ செருகும் துளைகளும். வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகிவிடும், கிளட்சை மிதித்தால் கடகடவென்று சத்தம் வரும். தண்டைக் கழற்றி லேத்தில் புதிதாகக் கடைந்து, துளையிட்டுப் பின் அடித்தால் தீர்ந்தது. சாதாரணக் கை செய்யக்கூடிய வேலை. பெட்டிக்குள் பல் உடைந்திருந்தாலும் கண்ணால் பார்த்து எது போயிற்று என்று சொல்லலாம்.

ஹைட்ரோ கப் கேடட்டில் தேய்வது லீவரையும் சாய்தட்டையும் இணைக்கும் கை. ‘ட்ரனியன்’ என்று பெயர். அதன் காடியில் ஒரு சிறு பின் ஓடுகிறது. காலப்போக்கில் காடி அகன்றுவிடும். லீவரை நகர்த்தினாலும் வண்டி கேட்காது, நியூட்ரலில் விட்டாலும் மெல்ல நகரும், இறக்கத்தில் திடுக்கென்று பாயும். வாங்கியவர் பம்ப் போய்விட்டது என்று பயந்து பாதி விலைக்குத் தள்ளிவிடுவார். பழகிய கைகாரர் மேல்மூடியைத் திறந்து, காடியில் வெல்டிங் வைத்து, ஆறியபின் பின்னை நுழைத்து நுழைத்துப் பார்த்து அரத்தால் ராவுவார். பின் ஆடாமல், அதே சமயம் இறுகாமல் ஓட வேண்டும். முடிவை விரல்தான் சொல்லும். ஒரு மதியத்து வேலை, செலவு அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் பம்ப்பே உண்மையாகத் தேய்ந்திருந்தால் கதை வேறு. உள்ளே பிஸ்டனுக்கும் துளைக்கும் இருக்கும் இடைவெளி மயிரிழையிலும் குறைவு. அதை லேத்திலும் அரத்திலும் மீட்க முடியாது, வேறு பம்ப் தேட வேண்டும்.

இரண்டு வகையையும் கொல்வது தண்ணீர். பல குளிர்காலங்கள் வெளியில் நின்ற வண்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கும். கியர்பெட்டி அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஹைட்ரோ பொறுக்காது.

உழவும் இழுவையும் பிரதானம் என்றால், அல்லது வாங்குபவர் தாமே பழுதுபார்க்கிறவர் என்றால், கியர். பனி, வாளி, மரங்களுக்கிடையே புல் என்று நிமிடத்துக்கு நான்கு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தால் ஹைட்ரோ. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் முதல் வண்டியாகக் கியரை எடுப்பதே நல்லது.

ஹைட்ரோவையே வாங்குவதானால், ஆறியிருக்கும்போது ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுத்துவிடக் கூடாது. தேய்ந்த பம்ப்பும் கெட்டியான குளிர் எண்ணெயில் புதுசுபோல் இழுக்கும். அரை மணி நேரம் ஓட்டி, எண்ணெய் சூடேறியபின் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.