மாமா எழுதிய மொய்

பேராவூரணி,
ஆவணி, ஞாயிறு ராத்திரி

அடி என் செல்லக் கழுதை,

போன வாரம் நீ போனில் "மொய் விருந்து எப்படிடி நடந்துச்சு?" என்று கேட்டதற்கு "நல்லா நடந்துச்சு" என்று ஒற்றை வரியில் முடித்தேனே, பக்கத்தில் ஓரகத்தி நின்றாள், அதனால்தான். இப்போது வீடே தூங்குகிறது, மாமா உட்பட. நடந்ததைக் கேள்.

எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள், உனக்குத் தெரியாததா. போர் போட, கடன் அடைக்க, பெண்ணைக் கட்டிக்கொடுக்க. இந்தத் தடவை நாங்கள் ஏழு பெண்கள் மறதி நோய்க்காரர்களுக்காக ஒன்று வைத்தோம். புதுக்கோட்டைப் பக்கம் டீக்கடையிலேயே நிவாரண நிதிக்கு மொய் விருந்து வைத்த கதை பேப்பரில் வந்ததே, அது கொடுத்த தைரியம். கறிக்கு ஏது காசு? டீ, கேசரி, மெதுவடை. கேசரியில் முந்திரியைத் தேட வேண்டியிருந்தது என்று ஒருத்தி இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

எதற்குப் பணம் என்கிறாயா? வாரத்துக்கு இரண்டு மத்தியானம் ஒரு அறையில் இவர்களை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்களுக்குச் சம்பளம், போக வர ஆட்டோ. அவ்வளவுதான். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன, கொண்டுவருகிற பிள்ளைகள் நல்லா இருக்கட்டும். "நான் ரெண்டு மணி நேரம் இவர்கூட இருக்கேன், நீ போய்ப் படு" என்று சொல்லத்தான் ஆளில்லை. என் மாமனாரையே எடுத்துக்கொள், பொழுது சாய்ந்ததும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டு "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வந்துவிடுவார். நிற்பது அவர் கட்டின வீட்டில். தினமும் இதுதான். சாப்பிட்ட கை காயுமுன் வந்தவர்களிடம் "இவ சோறே போடல" என்பார். ஓரகத்தி அதை நம்புகிறாள், வேறென்ன!

முதலில் காட்டின டாக்டர் "வயசானா அப்படித்தான்மா" என்று அனுப்பிவிட்டார். தஞ்சாவூரில்தான் தைராய்டு, பி12 எல்லாம் பார்த்து ஸ்கேன் எடுத்தார்கள். தைராய்டு, பி12 குறைவால் வருகிற மறதி என்றால் சரிப்படுத்தலாமாம். மாமாவுக்கு அப்படி இல்லை.

இப்போது ரகசியம். விருந்துக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெரிய வீட்டம்மா கொல்லைப்புறமாக வந்தார். யார் என்று நேரில் சொல்கிறேன். கையில் கனமான கவர். "பேரு எழுதாத ஆயி, பொண்ணுக்கு வரன் பாக்குறோம்." அவர் மாமியார் ஒரு வருஷமாக வெளியே தலைகாட்டவில்லை, மூட்டுவலி என்றார்கள். நூறு ரூபாய் போட்டாலும் மைக்கில் பேர் வாசிக்கச் சொல்லி நிற்கிற ஊரடி இது! பேரில்லாத மொய்யை நான் கண்டதே இல்லை. விடிவதற்குள் அப்படி ஐந்து கவர். 60 தாண்டினவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த மறதி நோய், இந்தியா முழுக்க 88 லட்சம் பேர் என்று 2023இல் ஒரு ஆய்வு வந்ததாம். படித்தபோது எங்கோ பட்டணத்துக் கணக்கு என்று தள்ளிவிட்டேன். அந்த ஐந்து கவரையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரு புரிந்தது.

விருந்தன்று மாமாவை எங்கே விடுவது? மொய் எழுதுகிற மேஜையிலேயே உட்காரவைத்தேன். முப்பது வருஷம் ஊர் மொய்யெல்லாம் எழுதினவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு பழைய நோட்டைக் கொடுத்ததும் தலையில் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தார் பார், அரை மணி நேரம் தலை நிமிரவில்லை. எட்டிப் பார்த்தால் அத்தனையும் செத்துப்போனவர்கள் பேர். 11, 21, 51 என்று அந்தக் காலத்துத் தொகை. தகப்பன் பேர், ஊர், எதிலும் பிசகில்லை. என் பேர்தான் அவருக்குத் தெரியாது.

வடை தின்றுகொண்டிருந்த ஒருத்தர் நோட்டைப் பார்த்தார். "எங்கப்பா 51 செஞ்சிருக்காரே! திருப்பிச் செஞ்சீங்களா?" என்றார், சிரிக்காமல். சபை அடங்கிப்போயிற்று. மாமா அவரை ஏற இறங்கப் பார்த்து, "உன் காதுகுத்துக்கே செஞ்சாச்சு, உக்காரு" என்றார். எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. அந்த ஆள் ஆயிரம் எழுதிவிட்டு இன்னொரு வடை கேட்டார்.

செலவு போக ஆறு மாதத்துக்குத் தாங்கும். அப்புறம் என்ன என்று கேட்காதே. வருகிற செவ்வாய் முதல் மத்தியானம். தூங்குவேனா, உன்னோடு போனில் வம்பளப்பேனா, இன்னும் முடிவு பண்ணவில்லை.

உன் பேரில் 501 எழுதிவிட்டேன், புது நடை. பேர் போட்டுத்தான். தீபாவளிக்கு வரும்போது கொண்டுவா. மாமாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும், கோடு போட்டது.

உன்
பெஞ்சுக்காரி