சுவரும் பெயரும்

சென்ற தவணை முடிவில் உயர்வகுப்பு மாணவரைச் சிகிரியாவுக்கு அழைத்துச் சென்றேன். அடிவாரத்துப் பூங்காக்களை வகுத்து நிற்கும் செங்கற்சுவர்களை எவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஓவியப் பெண்களைக் காணவே அனைவரும் விரைந்தனர். ஒருவன் மட்டும் பின்தங்கினான்.

சிகிரியா என்றதும் காசியப்பன் (477–495) பெயரே நம் நாவில் வருகிறது. ஆனால், அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அப்பாறைக் குகைகளில் பௌத்த துறவியர் வாழ்ந்தனர். அவற்றை அவர்களுக்கு ஈந்தோரின் பெயர்கள் பிராமி எழுத்தில் உள்ளன. அரசன் மாண்டபின் அவ்விடம் மீண்டும் துறவியர் வசமாயிற்று. பின்னாளில் பார்க்க வந்தோர் கண்ணாடிச் சுவரிலே கவிகள் கீறினர். அவற்றுள் 685 பாக்களைப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். கொடுத்தவன் பெயர் உண்டு. ஆண்டவன் பெயர் உண்டு. பார்த்தவன் பெயருங்கூட உண்டு. கட்டியவன் பெயர் எங்கே?

பின்தங்கிய மாணவன் பெரும் பாறையொன்றைத் தடவியபடி நின்றான். பாறையின் சரிவிலே படிபடியாக வெட்டுக்கள்.

"ஏறுவதற்கு வெட்டினார்களோ?" என்றேன்.

"இல்லை, சேர். சரிவிலை செங்கல் வைச்சால் வழுக்கும். கல்லு இருக்கத்தான் இப்பிடித் தட்டையாய் வெட்டியிருக்கினம். இதுக்கு மேலை சுவர் இருந்திருக்கு. லீவிலை ஐயாவோடை வேலைக்குப் போறனான், எனக்குத் தெரியும்."

அவன் கூறியது முற்றிலும் சரி. தொல்பொருள் ஆய்வாளர் கூறுவதும் அதுவே. சுவர் அழிந்துவிட்டது, அதைத் தாங்கிய வெட்டுக்கள் எஞ்சி நிற்கின்றன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் உளி பிடித்த கையின் அறிவை அம்மாணவன் ஒரு நொடியில் இனங்கண்டுகொண்டான்.

என் நெஞ்சு சுட்டது. ஆண்டுத் தொடக்கத்தில், தகப்பன்மாரின் தொழிலை வகுப்பிலே உரக்கக் கேட்டுப் பதிந்தவன் நான். "மேசன்" என்று அவன் முணுமுணுத்தபோது பின்வரிசையில் சிரிப்பெழுந்தது. அதட்டாமல் அடுத்த பெயருக்குச் சென்றேன்.

கட்டியவனின் பெயரை வரலாறு மறந்தது என்று குறைகூற எனக்கு என்ன தகுதி? அம்மறதியை நாள்தோறும் வகுப்பறையில் வளர்ப்பவர் நாமன்றோ? "சிகிரியாவைக் கட்டியவர் யார்?" என வினாத்தாளில் கேட்டு, ஒற்றைப் பெயருக்குப் புள்ளி வழங்குபவரும் நாமே.

மேலேறிய மாணவர் இறங்கி வந்ததும் அவர்களை அப்பாறையருகே நிறுத்தினேன். நான் பேசவில்லை. மேசனின் மகன் விளக்கினான். எவரும் சிரிக்கவில்லை.